மலையேறினால் குதிரைத் திறன் குறையும்

மேட்டுப்பாளையத்துக் கடையில் ஓட்டிக் காட்டியபோது ஒரே சீராக ஓடிய ஆயில் என்ஜின், ஊட்டிக்கு மேலே ஓர் ஓடைக்கரையில் இறக்கி வைத்ததும் திணறுகிறது. சைலன்சரில் கரும்புகை வருகிறது. மேட்டுக் காட்டில் உள்ள கேரட் பாத்திக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஏறினாலும் பாதி வேகத்தில் ஏறுகிறது. விவசாயி என்ஜினைக் குறை சொல்கிறார். கடைக்காரர் டீசலைக் குறை சொல்கிறார். மெக்கானிக் வந்து டீசல் பம்பின் திருகைச் சற்றுத் திருப்பிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறார். இரண்டு நாள் கொஞ்சம் வேகமாக ஓடுவதுபோல் தெரிகிறது. பிறகு புகையும் செலவும் இரட்டிப்பாகின்றன.

நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களிலும் இது ஆண்டுதோறும் காணும் காட்சி. இதில் பெரும்பாலும் என்ஜின் மீதும் குற்றம் இல்லை, டீசல் மீதும் குற்றம் இல்லை. குறைவு காற்றில் இருக்கிறது. அதை வாங்கும்போதே விவசாயிக்கு எடுத்துச் சொல்லாததுதான் குற்றம்.

காற்றும் ஒரு தீனி

ஆயில் என்ஜினுக்கு டீசல் மட்டும் தீனி அல்ல. ஒரு கிலோ டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ பதினான்கரை கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் டீசலுக்கு 12 கிலோ காற்று. இது குறைந்த அளவு. புகையில்லாமல் ஓட வேண்டுமானால் இதற்கு மேலும் காற்று மிச்சம் இருக்க வேண்டும்.

காற்றுக்கும் எடை உண்டு. கடல் மட்டத்தில் அது 760 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாங்கும் அளவுக்கு அழுத்துகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும், காற்று நெகிழும். நீலகிரி மலை ரயில் 326 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு 2,203 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டி நிலையத்தைச் சேருகிறது. இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் சுமார் 730 மில்லிமீட்டரிலிருந்து சுமார் 580 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பை வேக விடாத அதே நெகிழ்ந்த காற்றுதான் ஆயில் என்ஜினையும் திணற வைக்கிறது.

பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் ஒரே கொள்ளளவு காற்றைத்தான் இழுக்கும். ஒரு லிட்டர் டீசலை எரிக்கச் சமவெளியில் சுமார் 10 கன மீட்டர் காற்று போதும் என்றால், ஊட்டியில் 13 கன மீட்டர் வேண்டும். சிலிண்டர் பெரிதாகப் போவதில்லை. ஆகவே எரிக்கக்கூடிய டீசல்தான் குறைய வேண்டும். டீசல் குறைந்தால் திறன் குறையும்.

டர்போ இல்லாத சாதாரண என்ஜினுக்கு 100 மீட்டர் உயரத்திற்குச் சுமார் ஒரு சதவிகிதம் திறன் குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டின் 1,500 மீட்டரில் 15 சதவிகிதம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் 20 சதவிகிதத்தை ஒட்டி. ஐந்து குதிரைத் திறன் என்று தகட்டில் பொறித்த என்ஜின் ஊட்டியில் நான்கு குதிரைத் திறன்தான் தரும். ஐந்து குதிரைக்குப் பணம் கொடுத்தவர் கையில் நான்கு குதிரைதான் இருக்கிறது.

தகட்டில் உள்ள எண் பொய் அல்ல. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட நிலையில் அளந்த எண். ஐ.எஸ்.ஓ. 3046 என்ற சர்வதேசத் தரம், 100 கிலோபாஸ்கல் காற்றழுத்தத்தையும் 25 டிகிரி வெப்பத்தையும் அளவுகோலாக வைத்திருக்கிறது. அது கடல் மட்டத்தை ஒட்டிய, இதமான ஊரின் நிலை. ஊட்டியின் உயரமும் அங்கே இல்லை. வேலூரின் சித்திரை வெயிலும் அங்கே இல்லை.

குளிர் ஈடு செய்யாதா?

மலையில் குளிர் இருக்கிறதே, குளிர்ந்த காற்று கனமானது ஆயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. குளிர் ஓரளவு ஈடு செய்கிறது, முழுவதும் செய்வதில்லை.

மேற்சொன்ன தர நிலையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.17 கிலோ. மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் அது 1.10 கிலோ. ஊட்டியில் 15 டிகிரி குளிரில் 0.94 கிலோ. ஆக, தர நிலைக்கு ஊட்டியில் 20 சதவிகிதம் காற்று குறைவு. மேட்டுப்பாளையத்தின் மதிய வெயிலோடு ஒப்பிட்டால் 15 சதவிகிதம் குறைவு. ஊட்டியிலும் மதிய வெயில் ஏறி 25 டிகிரியானால் பற்றாக்குறை மேலும் கூடும்.

அந்தக் குளிரே வேறு தொல்லையும் தருகிறது. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்தும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடேறி, அதில் பீச்சும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. மார்கழி, தைக் காலையில் உறைபனி விழும்போது உள்ளே இழுக்கும் காற்றும் குளிர்ந்திருக்கும், சிலிண்டரும் குளிர்ந்திருக்கும். கைப்பிடி சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்தாலும் என்ஜின் பிடிக்காது. பிடித்தாலும் சில நிமிடம் வெண்புகை வரும். அது எரியாமல் ஆவியாகி வெளியேறும் டீசல். எண்ணெய் கெட்டித்துப்போவதால் தேய்மானமும் கூடும். கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகுப் பொருள் திரண்டு வடிகட்டியை அடைப்பதும் உண்டு.

இன்னொன்று. ஓடை நீரை நேரே என்ஜின் உறைக்குள் விட்டு வெளியே தள்ளும் முறையில், மலையின் சில்லிட்ட நீர் என்ஜினை அளவுக்கு மேல் குளிர வைத்துவிடும். குளிர்ந்த என்ஜின் டீசலை வீணாக்கும். சிலிண்டர் சீக்கிரம் தேயும். வெளிவரும் நீர் நல்ல சூடாக இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீராகவே வந்தால், உள்ளே விடும் நீரைக் குழாயில் திருகிக் குறைப்பது நல்லது.

திருகு வைத்தியம்

திறன் குறைந்ததும் செய்யும் முதல் வைத்தியம் டீசல் பம்பின் திருகைத் திருப்புவது. இதைவிடக் கெடுதலான வைத்தியம் இல்லை.

என்ஜினின் வேகம் குறைந்தால் கவர்னர் தானாகவே டீசலைக் கூட்டிக் கொடுக்கும். சாதாரண டீசல் பம்புக்குக் காற்று எவ்வளவு வருகிறது என்று தெரியாது. ஊட்டியிலும் அது மேட்டுப்பாளையத்து அளவையே ஊற்றும். எரிக்கக் காற்று இல்லாத இடத்தில் ஏற்கெனவே மிஞ்சிப் போகிற டீசலோடு, திருகைத் திருப்பி மேலும் ஊற்றினால் என்ன ஆகும்? வயிறு நிறைந்த மாட்டுக்கு மேலும் புண்ணாக்கு வைப்பது போலத்தான். ஒரு பகுதி கரியாகிச் சைலன்சர் வழியே போகும். மிச்சம் நாசில் முனையிலும் வால்விலும் பிஸ்டன் ரிங்கிலும் படியும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். புகைச் சூடு ஏறி வால்வு கருகும். அதே என்ஜினைப் பிறகு சமவெளிக்குக் கொண்டு வந்து திருகை மாற்றாமல் ஓட்டினால், அங்கே காற்றும் நிறையக் கிடைப்பதால் தாங்கும் அளவுக்கு மேல் திறன் கொடுத்து ஹெட்டும் பேரிங்கும் பழுதாகும்.

உண்மையில் மலையில் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. மலையிலேயே நிரந்தரமாக இருக்கப்போகும் என்ஜினுக்கு, உயரத்திற்குத் தக்கபடி உச்ச டீசல் அளவைக் குறைத்து வைக்க வேண்டும். அதையும் கம்பெனியின் மெக்கானிக்தான் செய்ய வேண்டும். சீல் வைத்த திருகில் கண்டவர் கை வைக்கக்கூடாது.

வீண் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஐந்து குதிரைத் திறன் என்ஜின் மணிக்கு 1.1 லிட்டர் டீசல் குடிக்கிறது என்றும், அதில் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 4 மணி நேரம், 100 நாள் ஓட்டினால் 44 லிட்டர் வீண். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் ஏறத்தாழ 4,000 ரூபாய். ஜனவரி, பிப்ரவரியில் உருளைக்கிழங்கு நட்டு ஓடை நீரை நம்பி இருக்கும் சிறு விவசாயிக்கு இது விதைக்கோ உரத்திற்கோ ஆகும் பணம்.

பணத்தோடு போவதில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் உறுதியாக அறிவித்தது. காற்றுக் குறைவில் ஓடும் என்ஜினில் கரித்தூளும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் கூடுகின்றன. பனி மூடிய காலையில் பள்ளத்தாக்கில் ஓடும் என்ஜினின் புகை மேலே கிளம்பாமல் அங்கேயே தங்கும். அதைச் சுவாசிப்பவர்கள் பாத்தியில் களை எடுக்கும் பெண்களும், என்ஜின் அருகே நிற்கும் விவசாயியும்தான்.

சமவெளியின் வெயில்

மலை விவசாயிக்கு உயரம் செய்வதைச் சமவெளி விவசாயிக்கு வெயில் செய்கிறது, அளவில்தான் குறைவு. 42 டிகிரி வெயிலில் காற்று, 25 டிகிரியில் இருப்பதைவிட 5 சதவிகிதம் நெகிழ்ந்திருக்கும். என்ஜினைத் தகரக் கொட்டகைக்குள் அடைத்து, சைலன்சர் புகையையும் உள்ளேயே விட்டால், உள்ளே 50 டிகிரிக்கு மேல் போகும். அங்கே 8 சதவிகிதம் குறைவு. புகையையே திரும்ப இழுத்தால் அதற்கு மேலும் கெடுதல். இழுக்கும் காற்று சூடாக இருந்தால் எரியும் சூடும் கூடி, நுரையீரலை எரிக்கும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் கூடுதலாக உண்டாகும். என்ஜின் சீக்கிரம் கொதிப்பதும் இதனால்தான்.

இதற்குச் செலவில்லாத பரிகாரம் உண்டு. கொட்டகையின் இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும். கூரைக்குக் கீற்று தகரத்தைவிட நல்லது. ஆனால் சைலன்சர் குழாய் கீற்றைத் தொடாமல் வெளியே போக வேண்டும். காற்று வடிகட்டி நிழல் பக்கம் இருக்க வேண்டும். கோடையில் அதிகாலையிலும் மாலையிலும் இறைத்தால் என்ஜினுக்கும் நல்லது, பாத்தியில் ஈரமும் நிற்கும்.

பம்பும் மலையை உணரும்

தண்ணீர் ஏறாததற்கு என்ஜின் மட்டும் காரணம் அல்ல. பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் சொன்னாலும், உண்மையில் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்று தள்ளக்கூடிய உச்ச உயரம் 10.3 மீட்டர். ஊட்டியில் 7.9 மீட்டர்தான். உராய்வு போன்ற இழப்புகள் போக, கடலோர ஊரில் 6 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் பம்பு, ஊட்டியில் 4 மீட்டர் அளவிலேயே தடுமாறும். இதை அறியாமல் என்ஜினைப் பிரித்துப் போட்டுப் பார்த்துப் பயன் இல்லை. பம்பை நீருக்கு அருகே வைக்க வேண்டும். உறிஞ்சு குழாயை அகலமாகவும் வளைவு குறைவாகவும் போட வேண்டும். புட்வால்வை அடைப்பில்லாமல் வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தண்ணீருக்கு அருகே போக வேண்டும் என்பதற்காக ஆயில் என்ஜினைக் கிணற்றுக்குள்ளோ ஆழமான குழிக்குள்ளோ ஒருபோதும் இறக்கக்கூடாது. புகை அங்கேயே தேங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. என்ஜினை நிறுத்த இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் அடுத்தடுத்து உயிர் விட நேரும். தண்ணீர் இல்லாமல் ஒரு போகம் போனால் அடுத்த போகம் பார்த்துக்கொள்ளலாம். போன உயிர் வராது.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய என்ஜின் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று சொல்வது எளிது. ஆனால் வேலைக்கு மிஞ்சிய என்ஜின் விலையும் கூடுதல், அரைச் சுமையில் ஓடி டீசலும் கூடுதலாகக் குடிக்கும். புதிதாக வாங்குபவர் முதலில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏற வேண்டும், எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் பார்த்து, அந்தத் தேவைக்கு மேல் 20 முதல் 25 சதவிகிதம் கூட்டி வாங்கினால் மலைக்குப் போதும்.

ஏற்கெனவே என்ஜின் உள்ளவர் சுமையைக் குறைக்க வேண்டும். தண்ணீரின் கனம் மலையிலும் அதேதான்; என்ஜினின் பலம்தான் குறைந்திருக்கிறது. பெல்ட்டில் ஓடும் பம்பாக இருந்தால், புல்லியை மாற்றிப் பம்பின் வேகத்தை 7 சதவிகிதம் குறைத்தால் சுமை ஏறத்தாழ 20 சதவிகிதம் குறையும். தண்ணீர் சற்றுக் குறையும், ஏறும் உயரமும் சற்றுக் குறையும். ஆனால் புகை நின்றுவிடும். நேராக இணைத்த பம்பானால் சற்றுச் சிறிய இம்பெல்லர் போடச் சொல்லலாம். காற்று வடிகட்டியை வாரம் ஒரு முறை பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். காற்றே குறைந்த ஊரில் அழுக்கடைந்த வடிகட்டி இரட்டைக் கேடு. குளிர் காலத்திற்கு ஏற்ற எண்ணெய் எது என்று கையேட்டைப் பார்த்து ஊற்ற வேண்டும். காலையில் கிளப்பியதும் சுமை கொடுக்காமல் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு தண்ணீர் இறைக்க வேண்டும்.

டர்போ பொருத்திய என்ஜினுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது புகையின் வேகத்தாலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, நெகிழ்ந்த காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. 1918-ல் அமெரிக்காவின் கொலராடோவில், சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு ஒரு விமான என்ஜினைக் கொண்டுபோய் சான்போர்ட் மாஸ் என்ற பொறியாளர் சோதித்தார். அது பெட்ரோல் என்ஜின்தான். ஆனால் காற்றின் கணக்கு இரண்டுக்கும் ஒன்று. தரையில் 350 குதிரைத் திறன் தந்த அது உச்சியில் 230 ஆகக் குறைந்தது. டர்போ பொருத்தியதும் 356 தந்தது. இந்த வசதி பெரிய டிராக்டர்களில் இருக்கிறது. கம்ப்யூட்டர் வைத்த புதிய என்ஜின்கள் காற்றழுத்தத்தை அளந்து டீசலைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதியும் வந்துவிட்டது. ஆனால் சிறு விவசாயியின் ஒற்றைச் சிலிண்டர் ஆயில் என்ஜினுக்கும் பவர் டில்லருக்கும் இந்த வசதிகள் எட்டவில்லை. அவருக்கு எட்டக்கூடியது சரியான கணக்கு ஒன்றுதான்.

யார் சொல்ல வேண்டும்?

அந்தக் கணக்கு இரகசியமும் அல்ல. என்ஜின் செய்பவர்களுக்கு அது தெரியும். கையேட்டின் ஏதோ ஒரு மூலையில் சிறிய எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் அது இருக்கும். வாங்கும் விவசாயியின் கண்ணில் படுவதில்லை. சொன்னால் வியாபாரம் கெடும் என்று விற்பவர் நினைக்கலாம். சொல்லாமல் விற்ற என்ஜின் புகை கக்கி நிற்கும்போது கெடுவது அதே வியாபாரத்தின் பெயர்தான்.

மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, குதிரைத் திறன் பொறித்த தகட்டின் பக்கத்திலேயே, 1,000, 1,500, 2,000 மீட்டர் உயரங்களில் எவ்வளவு திறன் கிடைக்கும் என்பதைத் தமிழில் ஒட்ட வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுக் காகிதம். இரண்டாவது, மானியம் வழங்கும்போது வேளாண்மைப் பொறியியல் துறையும், கடன் வழங்கும்போது வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும், மலைக்கும் சமவெளிக்கும் ஒரே குதிரைத் திறன் என்று மதிப்பிடாமல், ஊரின் உயரத்தையும் ஒரு வரியில் கேட்டு எழுத வேண்டும். சமவெளிக்கு ஐந்து என்றால் மலைக்கு ஆறு தேவைப்படும். அந்த ஒரு குதிரையை விவசாயி தன் கைப்பணத்தில் வாங்க வேண்டும் என்பது நியாயம் அல்ல. மூன்றாவது, மலை ஊர்களில் உள்ள மெக்கானிக்குகளுக்கு உயரத்திற்குத் தக்கபடி டீசல் பம்பை அமைக்கக் கம்பெனிகள் பயிற்சி தர வேண்டும். திருகைத் திருப்பும் வைத்தியம் அப்போதுதான் ஒழியும்.

இவை நடக்கும்வரை விவசாயி தானே கேட்க வேண்டும். என்ஜின் வாங்கப் போகும்போது, "எங்கள் ஊர் இவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அங்கே இது எத்தனை குதிரை இழுக்கும்?" என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் என்ஜின் வாங்காமல் இருப்பதே நல்லது.